கிட்டார் பதில் சொல்லும் நேரத்தில் கேக் வெட்டாதீர்கள்

சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஒரு ரெஸ்டாரன்ட் வாசலில் 'ப்ளூஸ் மாலை' என்று போர்டு. ப்ளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. நம்ம புதுச்சேரியில் இந்த வார்த்தையைப் பார்க்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கடலூரிலிருந்து ஐந்து பேர் பஸ் ஏறிப் போனோம். அதில் ஒருத்தன் புதுசு. மறைந்த ப்ளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங் யாரென்றே தெரியாதவன். நாலு மாதமாகக் கெஞ்சி அழைத்து வந்திருந்தோம்.

முதல் டேபிளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு ஓடும்போதே வீடியோ கால் போட்டார்கள். சரி, பொறுத்துக்கொண்டோம். இரண்டாம் பாட்டு ஓடும்போது பேரர் நாலு முறை வந்து ஆர்டரைத் திருப்பிப் படித்தார். அதையும் பொறுத்தோம்.

அப்புறம் வாசிக்கிறவர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பி.பி. கிங்கின் கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். 1949, குளிர்காலம், அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சின்ன ஊர். நடனக் கூடத்தில் குளிர் காய நடுவில் ஒரு பீப்பாய், அதில் மண்ணெண்ணெய் எரிகிறது. கிங் வாசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். பீப்பாய் உருளுகிறது. கூடம் பற்றிக்கொள்கிறது. எல்லாரும் வெளியே ஓட, கிங்கும் ஓடுகிறார். வெளியே வந்த பிறகுதான் கிட்டார் உள்ளேயே இருப்பது ஞாபகம் வருகிறது. உடனே திரும்பி...

"ஹேப்பி பர்த்டே டு யூ!"

எட்டுப் பேரும் கைதட்டுகிறார்கள். கேக் வருகிறது, மெழுகுவத்தி வருகிறது. கூடம் எரிந்துகொண்டிருக்கிறது ஐயா! மனுஷன் நெருப்புக்குள் போய்விட்டார், அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கேக் வெட்டுகிறார்கள்! வாசிக்கிறவர் ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

முடிந்ததும் கடைக்காரர் வந்து, "தம்பி, சோகமா வேணாம், ஜாலியா ஏதாவது போடுங்க" என்றார். யார் சொன்னது ப்ளூஸ் வெறும் சோகம் என்று? மிசிசிப்பிப் பருத்திக்காட்டில் முதுகொடிய உழைத்தவர்கள் சனிக்கிழமை ராத்திரி ஆடித் தீர்த்த பாட்டு இது. நம்ம பக்கம் நடவு வயலில் ஒரு அம்மா எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள் இல்லையா, இங்கே அந்தத் திருப்பிப் பாடும் வேலையைக் கிட்டார் செய்கிறது. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், லூசில் பதில் சொல்லும். அந்த இடைவெளியில்தான் உயிரே இருக்கிறது. அந்த எட்டுப் பேர் சரியாக அந்த இடைவெளி பார்த்துத்தான் சிரித்தார்கள். ஒவ்வொரு முறையும்!

பேச வேண்டுமா? பக்கத்திலேயே கடற்கரைச் சாலை இருக்கிறது. விடிய விடியப் பேசுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

மீதிக் கதையை நான்தான் பஸ்ஸில் ஏர்ஹாரனுக்கு நடுவே கத்திக் கத்திச் சொன்னேன். கிங் உள்ளே போய்க் கிட்டாரை மீட்டுவிட்டார். மறுநாள்தான் தெரிந்தது, சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று. அந்தப் பெயரையே கிட்டாருக்கு வைத்துவிட்டார். இனி ஒருபோதும் இப்படிப் பைத்தியக்காரத்தனம் செய்யக் கூடாது என்ற ஞாபகத்துக்காக. அதன் பிறகு அவர் வாசித்த எல்லாக் கிட்டாரும் லூசில்தான்.

புதுப் பையன் கண் கலங்கிவிட்டான். இதை அவன் அந்தக் கலைஞர் வாயால் கேட்டிருக்க வேண்டாமா?