பட்டினி ஏப்ரலில் தொடங்குகிறது

ஆப்பிரிக்க நாடான மலாவியில், பச்சை வயலோரம் உணவுக்குக் கையேந்தி நிற்கும் பெண்ணின் படத்தையும் அதன் கீழே ஓடிய கருத்துகளையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி பகிரப் போவதில்லை. "மழை பெய்யுது, வயல் பச்சைப்பசேல்னு இருக்கு, அப்புறம் எதுக்குக் கையேந்தணும்? சோம்பேறித்தனம்" என்றார் ஓர் அண்ணன். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணே, வயல் பச்சையாக இருப்பதால்தான் பசி. அங்கே பெரும்பாலானோருக்கு வருஷத்துக்கு ஒரே மழை, ஒரே மக்காச்சோளம். நவம்பர், டிசம்பரில் விதைத்தால் ஏப்ரல், மே மாதங்களில்தான் அறுவடை. நம் டெல்டாவைப் போல குறுவை போனால் சம்பா என்று தேற்றிக்கொள்ள வழியில்லை. ஜனவரியில் பயிர் நிற்கும், குதிர் காலி. ஆனால் அந்தப் பட்டினி ஜனவரியில் பிறந்ததில்லை. ஏப்ரலில், அறுத்த கையோடு பிறந்தது.

எப்படி என்கிறீர்களா? ஏப்ரலில் கடன்காரன் வாசலில் நிற்கிறான், பிள்ளையின் படிப்புச் செலவும் காத்திருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை அடிமட்டத்தில் கிடக்கும். அட்மார்க் என்ற அரசுக் கொள்முதல் அமைப்பு பணத்தோடு கடை திறப்பதற்குள் வியாபாரி மூட்டை கட்டிப் போயிருப்பான். அதே சோளத்தை ஜனவரியில் இரண்டு மடங்கு, சில வருஷம் அதற்கும் மேல் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும்.

"விற்காமல் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" வைக்கலாம். ஈரம் 13 சதவீதத்துக்குக் கீழே காய வேண்டும். காய்ந்த பாட்டிலில் சோளத்தோடு உப்பைப் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விட்டால், உப்பு கண்ணாடியில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் ஈரம், பூஞ்சை பிடிக்கும். பிறகு வண்டு. 1970களின் இறுதியில் மத்திய அமெரிக்காவிலிருந்து டான்சானியாவுக்கு வந்து பரவிய பெரிய துளைப்பான் வண்டு, சோளத்தை மாவாக்கிவிடும். நாட்டுச்சோளம் கெட்டி மணி, ஓரளவு தாங்கும். அதிக மகசூல் என்று கொடுத்த மாவு மணி வீரிய ரகம் தாங்காது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே சாக்கு என மூன்றடுக்குப் பை இருக்கிறது. ஒவ்வோர் உறையையும் தனித்தனியே முறுக்கிக் கட்டினால் காற்றில்லாமல் வண்டு சாகும். எலி ஓர் ஓட்டை போட்டால் போச்சு. அந்தப் பைக்கும் காசு ஏப்ரலில்தான் வேண்டும். மறுபடியும் ஏப்ரல்!

சரி, சோம்பேறித்தனத்துக்கு வருவோம். சோளம் முளைத்த முதல் சில வாரங்களில் களையெடுக்காவிட்டால் மகசூல் விழும். அந்த வாரங்களில்தான் வீட்டில் மாவு இல்லை. அதனால் அந்தம்மா விடியற்காலையில் பக்கத்துக்காரர் வயலுக்குப் போய்க் களையெடுக்கிறாள். கன்யூ என்பார்கள், கூலி மாவாகவும் கிடைக்கும். அவள் வயலில் களை மண்டுகிறது. கூலியும் கிடைக்காவிட்டால் கட்டாபிலா கடன். இப்போது ஒரு மூட்டை வாங்கினால் அறுவடையில் இரண்டு கொடுக்க வேண்டும். நம் ஊர் மீட்டர் வட்டிக்காரனே வெட்கப்படுவான். பிப்ரவரியில் முற்றாத கதிரை ஒடித்துத் தின்றால் அதுவும் ஏப்ரல் கணக்கில் கழியும். அடுத்தவர் வயலில் குனிந்து நிற்பவளைத்தான் சோம்பேறி என்கிறார் அண்ணன்.

"உர மானியம் கொடுத்தார்களே?" கொடுத்தார்கள். 2005-06இல் அதிபர் பிங்கு வா முத்தாரிகா அரசு கூப்பன் போட்டது. 50 கிலோ அடியுரம், 50 கிலோ யூரியா, கொஞ்சம் விதை. கணக்குப் போட்டால் சுமார் 34 கிலோ தழைச்சத்து, ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு ஆகும். நான் மானியத்துக்கு எதிரியில்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். ஆனால் யூரியா பயிர் முழங்கால் உயரத்தில் இருக்கும்போது குழியில் விழ வேண்டும். தாமதமாக வந்த மூட்டையால் விளைச்சல் அவ்வளவாகக் கூடாது. 2007இல் அமோக விளைச்சல் என்று அறிவித்து ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதியும் செய்தார்கள். 2008 தொடக்கத்தில் உள்ளூரில் விலை எகிறியது. விளைச்சல் கூடியது, ஏப்ரல் மாறவில்லை.

ஊழலா? இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2002 பஞ்சத்துக்கு முன்னால் கடனில் வாங்கிச் சேர்த்த சேமிப்புத் தானியம் சுமார் 1,67,000 டன் இருந்தது. கையிருப்பைக் குறையுங்கள் என்று ஆலோசனை சொன்ன சர்வதேச நாணய நிதியத்தை யாரும் சோம்பேறி என்பதில்லை. விற்றார்கள், எல்லாவற்றையும்.

இன்னொன்று. மலாவியின் தெற்கில் சோளத்துக்கு நடுவே துவரை போடுகிறார்கள். சோளம் முடிந்த பிறகு முற்றும், கையில் இரண்டாவது காசு. அதன் பெரிய சந்தை இந்தியா. ஆகஸ்ட் 2017இல் நம் அரசு துவரை இறக்குமதிக்கு 2 லட்சம் டன் வரம்பு போட்டது. அங்கே விலை சரிந்தது. நம் விவசாயியைக் காக்கத்தான் போட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வருஷம் துவரைக் காசை நம்பியிருந்த வீட்டில் ஜனவரி எப்படி இருந்திருக்கும்?

இவ்வளவையும் சுருக்கி அண்ணனின் கருத்துக்குக் கீழே போட்டேன். ஒரு சிரிப்பு பொம்மை வந்தது.