அசையாத தசையெல்லாம் செத்த தசை அல்ல

"எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) இதயச் சுவர் அசையவில்லையென்றால் தசை செத்துவிட்டது, பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போடும் அறுவை) வீண்" என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியே தவறு.

இதய ரத்தக் குழாய் அடைப்பால் நெடுநாள் ரத்தம் குறைந்த தசை, பிழைத்திருப்பதற்காக வேலையை நிறுத்திவைப்பதுண்டு. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் ஆண்டுத் தொடக்கத்து வெயிலில் பால்மரம் இலையுதிர்த்து மொட்டையாக நிற்குமே, அதைச் செத்த மரம் என்றா வெட்டுகிறோம்? பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரியும்.

இதயத்தைச் சுரண்டத் தேவையில்லை. இதயத்தைத் தூண்டும் டோபுட்டமின் மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றிக்கொண்டே எக்கோ பார்ப்பார்கள். சும்மா கிடந்த சுவர் மெல்லச் சுருங்கத் தொடங்கும். அளவைக் கூட்டியதும் மறுபடி தளர்ந்தால், தசைக்கு உயிர் இருக்கிறது, ரத்தம்தான் போதவில்லை என்று பொருள். காடோலினியம் என்ற படம் தெளிவாக்கும் மருந்தைச் செலுத்திய எம்.ஆர்.ஐ. படத்தில் தழும்பு வெள்ளையாகத் தெரியும். சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் வெள்ளை என்றால் மீள்வது கடினம். கால் பங்குக்குள் என்றால் நம்பிக்கை உண்டு. தசைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேனும் இருக்கிறது.

அதற்காக, உயிர் இருந்தாலே ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழல்) என்று மறுபக்கம் சாயவும் வேண்டாம். பிரிட்டனில் 700 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ரிவைவ்ட் ஆய்வில், உயிருள்ள தசை இருந்தும் ஸ்டென்ட் மரணத்தைக் குறைக்கவில்லை. பைபாஸ் கணக்கு வேறு: இதயம் பலவீனமானவர்களைச் சுமார் 10 ஆண்டுகள் கண்காணித்த ஸ்டிச் ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட பைபாஸும் செய்துகொண்டவர்களிடம் மரணம் குறைவு. அண்ணன் "வீண்" என்றது இந்த பைபாஸைத்தான்.