ஹெர்ன் பழங்கால வேட்டைக் கடவுளா?

"இங்கிலாந்தின் வின்ட்சர் காட்டில் உலவும் கொம்பு முளைத்த ஹெர்ன், பழங்கால ஐரோப்பாவின் கெல்ட் மக்களுடைய வேட்டைக் கடவுளான செர்னுன்னோஸ்தான்" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இதற்கு ஆதாரம் இல்லை.

ஹெர்னைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து, ஷேக்ஸ்பியர் 1590களின் இறுதியில் எழுதிய 'தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்' நாடகம். அதில் ஹெர்ன் கடவுளே இல்லை, செத்துப்போன காட்டுக் காவலாளியின் ஆவி. குளிர்கால நள்ளிரவில் ஒரு மரத்தைச் சுற்றி வரும், சங்கிலியைக் குலுக்கும், கறவை மாட்டிடம் பாலுக்குப் பதில் ரத்தம் வரவைக்கும். அசல் பேய்க் கதை!

சரி, செர்னுன்னோஸாவது வேட்டைக் கடவுளா? பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்துக்கு அடியில் கிடைத்த, 1ஆம் நூற்றாண்டுத் தூணில் அந்தப் பெயரோடு ஓர் உருவம் இருக்கிறது. அதன் கொம்புகளில் கழுத்து வளையங்கள் தொங்குகின்றன. டென்மார்க்கில் 1891இல் கிடைத்த குண்டஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையில் உள்ள கொம்புக்காரரும் இவர்தான் என்பது அறிஞர்களின் ஊகம். அவர் சம்மணமிட்டு, ஒரு கையில் வளையமும் மறு கையில் பாம்புமாக உட்கார்ந்திருக்கிறார். வில்லோ ஈட்டியோ இல்லை. பக்கத்திலேயே மான் நிம்மதியாக நிற்கிறது.

இருவரையும் முடிச்சுப் போட்டுப் பிரபலமாக்கியவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்கரெட் மரே, 1931இல்.