டெலி இலை தண்ணியாம்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சுருட்டு பிடித்துக் காணொளி போடும் அண்ணன் ஒருவர், சுமத்ரா புகையிலைக்கு ருசியே இல்லை என்றாரே, அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியவர்கள் மட்டும் பதினோரு பேர். "அண்ணே, உங்களைத்தான் குத்துறாரு போல" என்று சிரிப்புப் பொம்மை வேறு. என்னைக் குத்தினாரா என்பது எனக்குத் தெரியாது. இலையைக் குத்தினார். அதனால் எழுதுகிறேன்.

சுருட்டின் மேலிலையை, அதாவது வெளியே சுற்றியிருக்கும் ரேப்பர் இலையை, நகத்தால் உரித்து மேசையில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பற்றவைத்து, "பாத்தீங்களா, ஒரு வித்தியாசமும் இல்ல. சுமத்ரா ரேப்பர் சுத்தத் தண்ணி. லேபிள் மாதிரி, அழகுக்கு ஒட்டுறது" என்றாரே, அந்த இடம்தான். சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேருக்கு முதல் நல்ல சுருட்டை வாங்கிக் கொடுத்தவன் நான். அது கிடக்கட்டும்.

முதல் விஷயம், அவர் உரித்தது சுமத்ராவின் டெலியில் விளைந்த இலையே இல்லை. பெட்டியைக் கேமராவுக்குக் காட்டினார், நான் நிறுத்திப் படித்துப் பார்த்தேன். ஈக்வடார். சுமத்ரா விதையை அங்கே கொண்டுபோய் வளர்த்த இலை. நல்ல இலைதான், அதையும் குறை சொல்ல மாட்டேன். அங்கே மேகம் மூடிக் கிடப்பதால் வெயில் வடிகட்டித்தான் விழும், பந்தல் போடாமலே நிழலில் வளர்ந்த இலை மாதிரி வரும். ஆனால் விதை ஒன்று என்பதால் இலையும் ஒன்றாகிவிடுமா? மதுரையிலிருந்து மல்லிப் பதியனை வாங்கிவந்து ஈப்போவில் நட்டு, பூத்ததும் மோந்து பார்த்து, "மதுரை மல்லிக்கு மணமே இல்லை" என்று சொல்வீர்களா? சொல்வீர்கள் போலிருக்கிறது.

டெலி என்பது வடக்குச் சுமத்ராவில் மேடானைச் சுற்றியுள்ள நிலம். வம்பு ஆற்றுக்கும் உலார் ஆற்றுக்கும் நடுவில் விளைவதுதான் உசத்தி என்பார்கள். (ஆற்றின் பெயரே வம்பு, நான் என்ன செய்ய.) எரிமலை மண். ஒருமுறை புகையிலை நட்டு எடுத்துவிட்டால் அந்த நிலத்தை ஏழெட்டு வருஷம் சும்மா விட்டுவிடுவது வழக்கம். காடு மண்டி மண் தேறிய பிறகுதான் மறு நடவு. அப்படிக் காத்திருந்து எடுத்த இலையைத்தான் இவர் தண்ணி என்கிறார், அதுவும் அதை வாயில் வைக்காமலே.

மென்மை வேறு, சப்பென்று இருப்பது வேறு. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் போதும், மீதியைப் படிக்காமலே போகலாம்.

மெக்சிகோவின் சான் ஆந்திரேஸ் இலை, அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப் இலை, இதெல்லாம் தடியாக, எண்ணெய் மினுங்க, கறுப்பாக இருக்கும். பிடித்தால் கருப்பட்டிக் காப்பி குடித்த மாதிரி வாய் நிறைந்துவிடும். எனக்கும் பிடிக்கும். ஆனால் நாக்கைத் தினமும் அதிலேயே ஊறப்போட்டவர்களுக்கு மற்றதெல்லாம் தண்ணியாகத்தான் தெரியும். டெலி அப்படி முகத்தில் வந்து மோதாது. நரம்பு மெலிசு, நிறம் வெளிர் பழுப்பு, பளபளப்பே இருக்காது. முதல் இழுப்பில் பழைய மர அலமாரியைத் திறந்த வாசம். கொஞ்சம் தள்ளி பட்டை. நாக்கு நுனியில் வெள்ளை மிளகு தொட்ட அளவுக்குக் காரம், அதன் பின்னால் ஒரு சின்ன இனிப்பு. சாம்பல் வெளுப்பாக நிற்கும். செடியின் அடியில், மண்ணை ஒட்டி வரும் இலைகளுக்கு டச்சுக்காரர்கள் மணல் இலை என்றே பெயர் வைத்து, மேலிலைக்கு அதைத்தான் தேடித் தேடி வாங்கினார்கள். ருசி இல்லாத லேபிளுக்கு இவ்வளவு தேடலா?

ரசத்தில் பெருங்காயம் எங்கே இருக்கிறது என்று கரண்டியால் துழாவிக் காட்ட முடியாது. போடாமல் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

"அதைத்தானே அவரும் செஞ்சாரு, உரிச்சிட்டுப் பிடிச்சாரு" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் வந்து மடக்கினார். கெட்டிக்காரர். தம்பி, மேலிலையை உரித்தால் சுருட்டு தளர்ந்துபோகும், காற்று கண்டபடி ஏறும், எரிவதே மாறிவிடும். கொழுக்கட்டையின் மாவைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பூரணத்தை மட்டும் தின்று, "மாவு எதுக்கு?" என்று கேட்பதற்குப் பெயர் சோதனை இல்லை. இன்னொரு பக்கம், சுருட்டு ருசியில் எழுபது சதவீதம் மேலிலைதான் என்று முழங்குகிற கூட்டமும் இருக்கிறது. அதையும் நான் நம்பவில்லை. எந்தத் தராசில் நிறுத்தார்கள்? உதட்டிலும் நாக்கிலும் படுவது அந்த இலை, ஒவ்வொரு இழுப்பிலும் அதுவும் சேர்ந்து எரிகிறது. அவ்வளவு தெரிந்தால் எனக்குப் போதும்.

இன்னும் ஒன்று. சுமத்ரா மேலிலை இரண்டு பவுண்டு இருந்தால் ஆயிரம் சுருட்டைச் சுற்றிவிடலாம் என்று அந்தக் காலத்தில் கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு மெலிசு, அவ்வளவு இழுபடும். 1880களில் இந்த இலை அமெரிக்காவில் இறங்கியபோது அங்கே புகையிலை போட்டவர்கள் அலறினார்கள். 1890இல் வரியைப் பவுண்டுக்கு 2 டாலர் ஆக்கினார்கள். அப்படியும் அடங்கவில்லை. 1900இல் கனெக்டிகட்டில் வின்ட்சர் பக்கம் வயலுக்கு மேலேயே துணிப்பந்தல் போட்டு, உள்ளே சுமத்ராவின் வெக்கையையும் மங்கிய வெளிச்சத்தையும் உண்டாக்கப் பார்த்தார்கள். இன்று நீங்கள் எல்லாரும் 'கனெக்டிகட் ஷேட்' என்று கண்ணை மூடி ரசிக்கிறீர்களே, அது பிறந்ததே டெலியைப் பார்த்துப் பயந்துதான். தண்ணி இலைக்குப் பயந்து யாராவது வயலுக்குத் துணி போர்த்துவார்களா?

அவர்கள் சுமத்ரா இலையை வாங்கியது ருசிக்காக இல்லை, சிக்கனத்துக்காக என்று யாராவது வருவீர்கள். சரி, பாதி உண்மை. மேலே போகலாம்.

"சுருட்டு பிடிப்பதைப் பெருமையாக எழுதுகிறீர்களே, வெட்கமாக இல்லையா" என்று கேட்கப்போகும் அக்காவுக்கும் ஒரு வார்த்தை. சுருட்டு கெடுதல்தான். வாயில் புற்று வரும், மறுக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு என்று வைத்திருக்கிறேன், அதுவும் நல்லதில்லை. பிள்ளைகள் யாரும் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். ஆனால் நான் பேசுவது இலையைப் பற்றி.

அந்த இலையை நான் கையில் பிடித்தது 2011இல். மேடானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில், நண்பரின் நண்பர் மூலமாக, இலை பிரிக்கும் கொட்டகைக்குள் விட்டார்கள். ஜாவாக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நிறம் பார்த்து, நீளம் பார்த்து, ஓட்டை பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புளிக்கவைத்த இலையின் வாசம், ஊறிய பழமும் அம்மோனியாவும் கலந்த மாதிரி, கண்ணைக் கரித்தது. ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பின்னால் என் விரல்கள் தெரிந்தன. என் பாட்டி வயதுள்ள ஒரு அம்மா படக்கென்று என் புறங்கையில் தட்டி இலையை வாங்கிக்கொண்டார். ஈரமில்லாத கையால் தொட்டால் ஓரம் நொறுங்கிவிடுமாம். நமது அண்ணன் அதை நகத்தால் உரித்தார். சரி, அது ஈக்வடார், நானே சொன்னேன்.

இப்போது மேடான் பக்கம் பழைய புகையிலை நிலத்தில் பெரும்பகுதி கரும்பு, செம்பனை, வீட்டு மனை. உண்மையான டெலி இலை கிடைப்பதே அரிது. அதனால்தான் இந்தப் பேச்சு எனக்கு இன்னும் எரிகிறது. அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்து, "போனா போகட்டும், தண்ணிதானே" என்கிற மாதிரி.

காணொளியின் கடைசியில் அவர் இன்னொன்று சொன்னார். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "கூலிக்கார இலைக்கு இவ்ளோ வெலையா?" எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் நாலு தரம் கேட்டேன்.

என் பூட்டன் டெலிக்குப் போனவர். சின்ன வயதில் தாத்தா சொல்லும்போது எனக்கு 'டெல்லி' என்றுதான் காதில் விழும். பள்ளிக்கூடத்தில் "எங்க பூட்டன் டெல்லியில இருந்தவரு" என்று பெருமை அடித்திருக்கிறேன். விஷயம் தெரிந்தபோது எனக்குப் பதினாறு வயது. நியன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் 1863இல் போய் இறங்கி, 1869இல் டெலி கம்பெனி தொடங்கி, காட்டை வெட்டினார்கள். வெட்ட, நட, சுமக்க ஆள் வேண்டுமே. சீனர்கள், ஜாவாக்காரர்கள், பினாங்கு வழியாக நம் ஆட்கள். 1880இல் கூலிச் சட்டம் போட்டார்கள், ஒப்பந்தத்தை விட்டு ஓடினால் அது குற்றம், தண்டனை உண்டு. அந்தத் தண்டனையைக் கைவிட அவர்களுக்கு 1931 ஆனது. அதுவும் மனம் இளகி இல்லை. அப்படிப்பட்ட உழைப்பில் விளைந்த சரக்கை உள்ளே விட மாட்டோம் என்று 1930இல் அமெரிக்கா சட்டம் போட்டது, இலை விற்காமல் போய்விடுமோ என்ற பயம்.

"உங்க ஆளுங்க இலையையே தொடலையே, சீனர்கள்தான நட்டாங்க" என்று வரலாறு தெரிந்த ஒருவர் கண்டிப்பாக எழுதுவார். உண்மை. நம் ஆட்கள் சடக்கு போட்டார்கள், கால்வாய் வெட்டினார்கள், மாட்டுவண்டி ஓட்டினார்கள். என் பூட்டன் வண்டிக்காரர். இலை அந்த வண்டியில்தான் போனது. அது போதாதா? எத்தனை பேர் தொட்டால்தான் உங்களுக்குக் கணக்கு?

மேடானில் மாரியம்மன் கோயிலை 1880களில் கட்டினார்கள். நான் போன அன்று அங்கேயும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தேன். பூசாரி இரண்டு தரம் என்னைப் பார்த்தார், அர்ச்சனைக்கு வந்தவன் மாதிரி நான் இல்லை போலும்.

ருசியைப் பற்றி எழுத வந்து எங்கோ போய்விட்டேன், தெரிகிறது. சுருட்டு என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் 'செரூட்' ஆக்கி ஊரெல்லாம் கொண்டுபோனான் என்று இதே அண்ணன்தான் போன வருஷம் மார்தட்டிப் பதிவு போட்டார், நானும் இதயக்குறி போட்டேன். சொல் நம்முடையது, வண்டி ஓட்டியவன் மட்டும் கூலிக்காரன்.

நேற்று ராத்திரி அவருக்கே செய்தி அனுப்பினேன். என்னிடம் டெலி மேலிலை சுற்றிய டச்சுச் சுருட்டு மூன்று பாக்கி இருக்கிறது, பட்டர்வொர்த்துக்கு வாருங்கள் அண்ணே, ஒன்றை உரிக்காமல் பிடித்துப் பாருங்கள் என்று. இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. காலையில் பார்த்தேன், புதுக் காணொளி போட்டிருக்கிறார், மடூரோ என்கிற கறுப்பு மேலிலை பற்றி.