107-உம் 6-உம்: ஒப்பீடு பொருந்தவில்லை

ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 107 பதக்கங்கள் வென்ற இந்திய அணி, பாரிஸ் ஒலிம்பிக்கில் 6 பதக்கங்களோடு திரும்பியதைப் பெரும் சரிவு என்று கட்டுரையாளர் ஒருவர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. ஹாங்சோவில் கிடைத்த 28 தங்கங்களில் கபடி, கிரிக்கெட், ஸ்குவாஷ், காம்பவுண்ட் வில்வித்தை (கப்பிகள் பொருத்திய வில்லால் எய்வது) ஆகியவற்றின் வழி வந்தவை மட்டும் 11. இவற்றில் எதுவும் பாரிஸில் நடத்தப்படவே இல்லை. துப்பாக்கிச் சுடுதலின் மூவர் அணிப் பிரிவுகளில் வென்ற 5 தங்கங்களும் அத்தகையவையே. உண்மையில் ஆராயப்பட வேண்டியது, பாரிஸில் நம்மவர்கள் 6 போட்டிகளில் நான்காம் இடத்தோடு நின்றுவிட்டது ஏன் என்பதுதான். பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு வெண்கலத்தைத் தவறவிட்டது ஒரே ஒரு கிலோவில் அல்லவா? 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் ஸ்குவாஷும் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவும் சேர்க்கப்பட்டிருப்பதால், கபடி நீங்கலாக, அப்போது இந்த ஒப்பீடு ஓரளவு பொருந்தக்கூடும்.