கட்டத்துல டிக் போட்டா ஆராய்ச்சியா சார்?

என் புள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வூட்டுலயே வெச்சு சொல்லித் தர்றேன், ஹோம்ஸ்கூலிங்னு சொல்லுவாங்க. அதைப் பத்தித்தான் இது. மூணு நாளா வாயை மூடிக்கினு இருந்தேன். இனிமே முடியாது.

ஹோம்ஸ்கூலிங் பத்தி ஆராய்ச்சி பண்ற சார் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசின ஒன்றரை நிமிஷ வீடியோ, இதுவரைக்கும் 11 பேர் எனக்கு அனுப்பிட்டாங்க, அதுல நாலு பேர் சொந்தக்காரங்க, ஒருத்தராவது ரெண்டு வார்த்தை எழுதி அனுப்பக்கூடாதா, வெறும் சிரிக்கிற பொம்மை. "ஹோம்ஸ்கூலிங் பண்றவங்க சமூகத்தை விட்டு ஒதுங்கின குடும்பங்கள், அந்தப் பிள்ளைங்க படிப்புல பின்தங்குறாங்கன்னு ஆராய்ச்சி சொல்லுது"ன்னு சார் சொல்றாரு, ஹாலே சிரிக்குது. இன்னா சிரிப்பு அதுல?

சார் ஜனவரியில அந்த ஆராய்ச்சிக்காக ஃபாரத்தோட எங்க வூட்டுக்கு வந்தவருதான். காட்பாடியில வழி கேட்டு கேட்டு வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்தாரு. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில எண்ணெய்க் குழம்பு வெச்சிருந்தேன், ரெண்டு தரம் கேட்டு ஊத்திக்கினாரு. அதைச் சொல்லிக் காட்டல. சரி, சொல்லித்தான் காட்டறேன்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. "ஆராய்ச்சி சொல்லுது"ன்னு வாயெடுக்கறதுக்கு முன்ன, யாரைப் பார்த்தாங்க, எத்தனை பேரைப் பார்த்தாங்கன்னு சொல்லுங்க. அவ்ளோதான்.

அவர் ஸ்லைடுல போட்டது 2011ல வந்த கனடா ஆராய்ச்சி. தேடிப் படிச்சேன், கத்திரிக்கா குழம்பு வெக்கிறவளுக்கும் இங்கிலீஷ் படிக்க வரும். ஹோம்ஸ்கூல் பிள்ளைங்க 37 பேர், ஸ்கூல் பிள்ளைங்க 37 பேர், எல்லாம் 5லருந்து 10 வயசு. அந்த ஹோம்ஸ்கூல் 37ல 25 பேருக்கு வூட்டுல பாடம், திட்டம் எல்லாம் வெச்சு ஒழுங்கா சொல்லித் தர்றாங்க, அவங்க ஸ்கூல் பிள்ளைங்களை விட நல்லா பண்ணியிருக்காங்க. மிச்சம் 12 பேர், பாடத்திட்டமே இல்லாம வளர்றவங்க, அவங்கதான் பின்தங்கினது. சார் அந்த 12ஐ மட்டும் கையில புடிச்சுக்கினு மேடையேறிட்டாரு, 25 பேரை வழியிலயே எறக்கி விட்டுட்டாரு. 12 பிள்ளைங்க சார்! எங்க ஊர் ஷேர் ஆட்டோவுல ஒரு ட்ரிப்புக்கு ஏத்துவாங்க.

எங்க ஆளுங்க மட்டும் யோக்கியமான்னா அதுவும் இல்ல. 1999ல அமெரிக்காவுல ரட்னர்னு ஒருத்தர் 20,760 ஹோம்ஸ்கூல் பிள்ளைங்களோட மார்க்கைப் பார்த்தாரு, அடேங்கப்பா மார்க்கு. ஆனா அவங்க எல்லாம் தாங்களா விருப்பப்பட்டு வந்து டெஸ்ட் எழுதின குடும்பங்க, செலவு பண்ணது ஹோம்ஸ்கூலுக்காக கோர்ட்டுல வாதாடற சங்கம். இதை வெச்சு ஹோம்ஸ்கூல்தான் ஒசத்தின்னு சொல்ல முடியாதுன்னு ரட்னரே எழுதி வெச்சிருக்காரு. அதைப் படிக்காமலே எங்க க்ரூப்ல எத்தனை தரம் ஃபார்வர்டு ஆச்சோ, நானே ரெண்டு தரம் அனுப்பியிருக்கேன், என் மாமியாருக்கு ஒண்ணு, என் அண்ணனுக்கு ஒண்ணு. தப்புதான். யாரைப் பார்த்தாங்கன்னு நானும் அப்ப கேக்கல.

இப்ப "ஒதுங்கின குடும்பம்"ங்கறதுக்கு வரேன். இதுதான் எனக்கு ஆறல.

சார் குடுத்த ஃபாரத்துல ஒரு கேள்வி. "சம வயதுக் குழந்தைகளுடன் வாரத்தில் எத்தனை மணி நேரம்?" நாலு கட்டம். "3 மணிக்கும் குறைவு"ன்னு டிக் போட்டேன், ஏன்னா அதான் உண்மை. என் புள்ளைக்கு 10 வயசு, வாரத்துல மூணு நாள் காலையில என் நைனாவோட, அவன் தாத்தாவோட, நேதாஜி மார்க்கெட் கத்திரிக்கா மண்டிக்குப் போவான், அங்க சிட்டை, அதான் எடைக் கணக்குச் சீட்டு, எழுதறது அவன் வேலை. போன மாசம் நானே பார்த்தேன், 50 வயசு வியாபாரி ஒருத்தர் மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு போகணும்னு நிக்கறாரு, இவன் பேனாவைக் காதுல சொருகிக்கினு "மாமா, நேத்து மழை, அதனால கழிச்சோம், இன்னைக்குக் காய் காஞ்சு கெடக்குது, ஒரு கிலோதான்"றான். அவரு சிரிச்சுட்டு ஒத்துக்கினாரு. மூட்டை தூக்கற அண்ணன், டீக்கடை பாய், மார்க்கெட் வாசல்ல பூ கட்டற ஆயா, எல்லாரும் இவனுக்கு சிநேகிதங்க. ஃபாரத்துல அவங்களுக்குக் கட்டம் இல்ல. கட்டம் இல்லாததால என் புள்ள சமூகத்துலயே இல்லாமப் போயிட்டான்.

இதுக்கும் ஆராய்ச்சி இருக்குது. 1992ல ஃப்ளோரிடாவுல 70 ஹோம்ஸ்கூல் பிள்ளைங்க, 70 ஸ்கூல் பிள்ளைங்க, வெளையாட விட்டு வீடியோ எடுத்து, யாரு எந்தப் பக்கம்னு சொல்லாமலே ஆளுங்களை விட்டுப் பார்க்கச் சொன்னாங்க. சண்டை, கத்தல் எல்லாம் ஹோம்ஸ்கூல் பிள்ளைங்ககிட்டதான் கம்மி. அதை வெச்சு நான் சர்டிபிகேட் கேக்கல, ஊரு வேற காலம் வேற. ஆனா ஸ்லைடுல இதுக்கும் ஒரு ஓரம் குடுத்திருக்கலாமே?

இப்ப கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு.

சட்டம்னு வருவீங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, 6லருந்து 14 வயசு, பள்ளியில சேர்க்கறது பெத்தவங்க கடமைன்னு இருக்குது, சேர்க்கலன்னா தண்டனைன்னு இல்ல. பன்னண்டரை வயசானா எட்டாங்கிளாஸ் தனித்தேர்வு எழுதலாம், 14 ஆனா என்.ஐ.ஓ.எஸ்.னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி, அதுல பத்தாவது. அது என் தலைவலி, பார்த்துக்கறேன்.

"உனக்கு வசதி இருக்கு, நீ பண்ற"ம்பீங்க. எங்க வூட்டுக்காரரு ராணிப்பேட்டையில ஷூ கம்பெனியில சூப்பர்வைசர், நான் வேலைய விட்டேன், மாசம் 18,000 போச்சு. இது வசதின்னா வசதிதான்.

"காமராஜர் பள்ளிக்கூடம் தெறந்த மண்ணுல இதெல்லாம் மேட்டுக்குடித் திமிரு"ன்னு ஒரு தோழர் ஏற்கனவே எழுதிட்டாரு. என் அம்மா மதிய சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கூடம் போய் அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க தோழர், எனக்கு நீங்க சொல்லித்தர வேணாம். எல்லா சாதிப் புள்ளைங்களும் ஒரே வரிசையில உக்கார்ற எடம் பள்ளிக்கூடம்தான், அதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. ஆனா அந்த வரிசையில என் புள்ளைய எங்க உக்கார வெச்சாங்கன்னு நீங்களும் கேட்டிருக்கணும்.

மூணாவது படிக்கும்போது. எழுத்து மெதுவா வரும் அவனுக்கு. வராண்டாவுல தனியா பாய் போட்டு உக்கார வெச்சாங்க, நோட்டு அட்டையில செவப்புல "ஸ்லோ"ன்னு எழுதியிருந்தாங்க. தெனமும் காலையில ஆட்டோ ஹாரன் கேட்டதும் வாந்தி. ஆறு மாசம். தெனமும் அந்த யூனிபார்ம் சட்டையைத் தொவைச்சேன். ஆறு மாசமும் எந்த ஆராய்ச்சியாளரும் வரல, ஒருத்தரும் ஃபாரம் குடுக்கல, "இந்தப் பையன் ஏன் ஒதுங்கி இருக்கான்"னு யாரும் ஸ்லைடு போடல. வூட்டுல வெச்சுக்கினப்புறம்தான் நாங்க ஒதுங்கின குடும்பம் ஆனோமாம்.

கொழந்தைப் பாதுகாப்புன்னு ஒரு கேள்வி இருக்குது, அது ஞாயமான கேள்வி, ஹார்வர்டுல ஒரு சட்டப் பேராசிரியர் 2020ல அதை வெச்சுத்தான் ஹோம்ஸ்கூலுக்குத் தடை வேணும்னு எழுதினாங்க. அடி வாங்கற கொழந்தைய யாரு கண்ணுல படவெக்கறதுன்னா ஆமா, யாராவது வந்து பார்க்கணும். வாங்க. வந்து புள்ளகிட்ட பேசுங்க. சார் ரெண்டு மணி நேரத்துல அவன்கிட்ட கேட்டது "பேர் இன்னாப்பா" மட்டும்தான். அவன் காவலூர்ல டெலஸ்கோப் பார்த்துட்டு வந்து வரைஞ்ச சனி கிரகத்தைக் கையில வெச்சுக்கினு கதவுகிட்டயே நின்னுக்கினு இருந்தான்.

நேத்து சாரோட மாணவர் ஒருத்தர் மெசேஜ் போட்டிருக்காரு, "மேடம், ரெண்டாங்கட்ட நேர்காணலுக்கு வரலாமா"ன்னு. வாங்க தம்பி. வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு நேதாஜி மார்க்கெட், கத்திரிக்கா மண்டி, சிட்டை எழுதறவர்கிட்ட நேராவே பேசிக்கங்க. ஃபாரம் எடுத்துக்கினு வந்தா மழையில நனையும். இந்த தடவை குழம்பு கெடையாது.