ரிச்சி தெருவும் ஒரு 80,000 ரூபாய் கொட்டேஷனும்

கல்லூரியில் சேர்ந்தால் கேமிங் பிசி வாங்கித் தருவதாக அக்கா மகனிடம் அவன் அப்பா எப்போதோ வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார். பையன் சேர்ந்துவிட்டான். பணம் அவருடையது, அலைச்சல் என்னுடையது. போன சனிக்கிழமை சென்னை மவுண்ட் ரோட்டில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று வெயிலில் சுற்றி நான்கு கடைகளில் கொட்டேஷன் வாங்கினோம். மானிட்டரோடு சேர்த்து 80,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

நான்கு கடையிலும் முதல் கேள்வி ஒன்றுதான், கணினியின் மூளையான பிராசஸரில் இன்டெலின் எந்த ரகம் என்று. "ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா சார்?" தம்பி என்ன விளையாடுவான், எந்த மானிட்டரில் விளையாடுவான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. முதல்முறை சொந்தமாக அசெம்பிள் செய்கிறவர் மானிட்டரைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். பிராசஸர் பேச்சை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ எடுத்தால் போதும்.

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம். நொடிக்கு 60 தடவையோ 144 தடவையோ இத்தனை புள்ளிகளையும் வரைந்து தள்ள வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. ஆக, எந்தக் கார்டு என்பதைத் திரை சொல்லிவிடும். எந்த எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) என்பதைக் கார்டு சொல்லிவிடும். மிச்சப் பணத்தில் மற்றவை. எங்கள் பையன் விளையாடுவது பெரும்பாலும் வேலரன்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு. 1080பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாறும்) மானிட்டர் என்று முடிவானது. "ஜிடிஏ 6 வந்தா ஓடணுமே மாமா" என்றான். அது இப்போதைக்கு பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை பிறக்கும் முன்னால் பெயர் வைக்க வேண்டாம்டா என்றேன்.

அந்த ஐ7 விஷயத்துக்கு வருகிறேன். ஐ7 என்ற பெயர் 2008-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எந்தத் தலைமுறை என்று கேட்காவிட்டால் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டலாம். ஒரு கடையில் காட்டிய 'ஐ7 கேமிங் செட்' நான்காம் தலைமுறை, 2013 சரக்கு. 2022-ல் வந்த ஐ3 12100 அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அவ்வளவு பழைய பிராசஸரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. வேலரன்டோ விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும்.

ரேம் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஏஐ சர்வர்களுக்கே மெமரி முழுவதும் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியில் விலை ஏற ஆரம்பித்தது. அந்த டிசம்பரில் மெமரி தயாரிக்கும் மைக்ரான் தன் க்ரூசியல் பிராண்டையே சில்லறைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. வேறு நேரமாக இருந்தால் டிடிஆர்5 என்ற புது ரக ரேம், அதற்கேற்ற ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) என்று போயிருப்பேன், நாளைக்குப் பிராசஸர் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இப்போது என் பழைய கணினியிலிருந்து இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 குச்சிகளைக் கழற்றிக்கொண்டு முந்தைய ஏஎம்4-லேயே நின்றுவிட்டோம். பிராசஸர் ஏஎம்டியின் ரைசன் 5 5600, ஆறு கோர். கடைக்காரர் 5600ஜி எடுத்து நீட்டினார். "அதேதான் சார், கூடவே கிராபிக்ஸும் இருக்கு." அதே இல்லை. 5600-ல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, ஜி-யில் 16 எம்பி. தனியாகக் கார்டு போடப் போகிறவருக்கு ஜி எதற்கு?

பெயரை வைத்து ஏமாறுவது கார்டிலும் நடக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று உண்டு. இரண்டாவதில் மெமரி குறைவு என்பதோடு, மெமரி பஸ்ஸும் (தகவல் போய்வரும் பாதை) 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிடும். வேகமும் அதற்கேற்ப இறங்கும். நாங்கள் எடுத்தது ஆர்டிஎக்ஸ் 5060. 8 ஜிபிதான், எனக்குப் பூரணத் திருப்தி இல்லை, ஆனால் 1080பி-க்கு ஓடும். பட்ஜெட்டில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே போனது. பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று ஒருவர் காதோரம் சொன்னார். நாளைக்குக் கார்டு செத்தால் வாரண்டிக்கு எதைக் காட்டுவது?

இனி எஸ்எம்பிஎஸ். இதில் எனக்குச் சொந்த வடு உண்டு. 2013-ல் மலிவாகக் கிடைத்தது என்று '500 வாட்' ஒட்டிய ஒன்றை வாங்கிப் போட்டேன். எட்டாவது மாதம் ஒரு சாயங்காலம் டப்பென்று ஒரு சத்தம், ரப்பர் கருகிய வாசனை. போனது அது மட்டும் இல்லை, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. அக்கா மகனின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன. அக்கா அதை இன்னும் மறக்கவில்லை.

இந்த முறையும் கேபினெட்டோடு ஒரு '500 வாட்' எஸ்எம்பிஎஸ் இலவசம் என்றார்கள். திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தேன். 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் கரண்ட் எடுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். கார்டுக்கு மட்டும் 145 வாட், பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 76 வாட். கூட்டினால் 221. மீதி வாட் எங்கே என்று கேட்டதற்கு, "எல்லாரும் இதைத்தான் சார் போடறாங்க" என்று பதில் வந்தது. எண்பது பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று. ஷார்ட் ஆனால் தானாக நிற்குமா என்பதற்கு அது பொறுப்பேற்காது. பாதுகாப்பு வசதிகளை வரிசையாகப் போட்டு, ஐந்து வருட வாரண்டி கொடுக்கும் 550 வாட் ஒன்றை எடுத்தேன். மாமா வீண்செலவு செய்கிறார் என்று பையன் முகம் சொன்னது. அந்தப் பணத்தில் இன்னும் நாலு கலர் ஃபேன் வந்திருக்கும்.

கேபினெட்டில் முன்பக்கம் வலை உள்ளதாகப் பாருங்கள். முன்னால் கண்ணாடி வைத்து அடைத்த பெட்டி கடையில் அழகாகத்தான் இருக்கும், சென்னை மே மாதத்தில் உள்ளே இட்லி அவியும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, நான் சொல்லச் சொல்ல அவனே பூட்டினான். ரேமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொன்னேன். கேபிள் எல்லாம் நானே மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் இல்லை. ரேமைக் கழற்றி மாட்டினேன். எஸ்எம்பிஎஸ் வயரை அழுத்திப் பார்த்தேன். அக்கா சமையலறையிலிருந்து, "கடையிலயே போட்டுக் குடுத்திருப்பாங்கல்ல?" என்றாள். இருபது நிமிஷம் போனது. பையன் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "மாமா, மானிட்டர் கேபிளை மதர்போர்டுல சொருகியிருக்கீங்க. 5600-ல கிராபிக்ஸ் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மாற்றிச் சொருகினான், படம் வந்தது. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) ரேம் 2133 வேகத்தில் ஓடுவதைப் பார்த்து, அதை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டு 3200 ஆக்கினேன், கொஞ்சம் மானம் திரும்பியது. அப்புறம் விண்டோஸ் ஏற்றி முடித்ததும் மானிட்டர் இன்னும் 60 ஹெர்ட்ஸிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தவனும் அவன்தான்.